எங்கள் மனதைத் திருத்தும் முன் உங்கள் படிவத்தைத் திருத்துங்கள்

பொதுநலத் திட்டங்களுக்கான நடத்தை அறிவியல் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

உதவி மேசைகளை இந்த ஆண்டோடு மூடிவிட்டு, மிச்சமாகும் பணத்தில் நினைவூட்டல் குறுஞ்செய்தித் திட்டத்தை விரிவாக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தகுதி இருந்தும் உதவித்தொகையைப் புதுப்பிக்காமல் விட்டவர்களைப் பற்றிய உங்கள் அறிக்கையும் கூடவே வெளிவந்திருக்கிறது. தள்ளிப்போடும் மனப்பாங்கு, எதிர்காலத்தைவிட இன்றைக்கே முக்கியத்துவம் தரும் போக்கு, திட்டத்தின் மீது அக்கறைக் குறைவு என்று மூன்று காரணங்களை அது சொல்கிறது. மூன்றுமே விண்ணப்பிக்கிறவரின் மண்டைக்குள் இருப்பவை. படிவத்தைப் பற்றி, இணையதளத்தைப் பற்றி, கெடு வைக்கும் முறையைப் பற்றி, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு பத்திகூட இல்லை.

நான் அந்த மேசைகளில் ஒன்றில் உட்காருகிறவள். வருகிறவர்களின் பக்கத்தில் அமர்ந்து, கேள்விகளைப் படித்துச் சொல்லி, அவர்களுடைய படிவங்களை நிரப்பிக் கொடுப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. உங்கள் அட்டவணையில் ‘தவறவிட்டவர்கள்’ என்று எண்ணாக நிற்கும் மனிதர்களில் பலரை எனக்கு முகம் தெரியும். அவர்கள் சார்பில் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தை அறிவியலை எதிர்க்கிறவளாக நான் எழுதவில்லை. மனிதர்கள் எல்லாத் தகவலையும் சீர்தூக்கிப் பார்த்துத் தங்களுக்கு அதிகப் பயன் தரும் முடிவையே எடுப்பார்கள் என்ற பழைய பாடத்தை டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களில் அசைத்துப் பார்த்தார்கள். வரவு தரும் மகிழ்ச்சியைவிட இழப்பு தரும் வலி பெரிது என்றும், ஒரே விஷயத்தைக் கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறுகிறது என்றும் அவர்கள் காட்டியதை என் மேசையில் அன்றாடம் பார்க்கிறேன். ‘இதை நிரப்பினால் இவ்வளவு கிடைக்கும்’ என்று சொல்லும்போது தயங்கி நிற்பவர், ‘நிரப்பாவிட்டால் வந்துகொண்டிருப்பதும் நின்றுவிடும்’ என்றதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். கானெமனுக்கு 2002இலும், இதே வழியில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலருக்கு 2017இலும் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தபோது நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். பிரிட்டன் 2010இல் அரசுக்குள்ளேயே இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அதைப் பார்த்துப் பல நாடுகள் தொடங்கிய பிரிவுகளின் வரிசையில் வந்ததுதான் உங்கள் பிரிவும். நீங்கள் தொடங்கப்பட்டபோது நான் நிறைய எதிர்பார்த்தேன்.

ஏனென்றால் இந்தத் துறையின் பலமான கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஒருவர் என்ன செய்கிறார் என்பதில் அவருடைய குணத்துக்கு இருக்கும் பங்கை நாம் அதிகமாகவும், அவர் நிற்கும் இடத்துக்கு இருக்கும் பங்கைக் குறைவாகவும் மதிப்பிடுகிறோம். பிரிஜிட் மேட்ரியனும் டென்னிஸ் ஷீயும் 2001இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அமெரிக்க நிறுவனத்தில் புதிதாகச் சேரும் ஊழியர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் இணைய விரும்பினால் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று இருந்தது. அப்படி இருந்தவரை பாதிப்பேர்கூடச் சேரவில்லை. பிறகு, எல்லோரும் தாமாகவே சேர்க்கப்படுவார்கள், வேண்டாதவர் மட்டும் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம் என்று விதியைத் திருப்பிப் போட்டார்கள். புதியவர்களில் 86 சதவீதம் பேர் சேமிப்பில் இருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு ஒரே நாளில் பொறுப்புள்ள மனிதர்கள் வந்து சேர்ந்துவிடவில்லை. படிவம் யார் தலையில் விழுகிறது என்பது மட்டும்தான் மாறியது.

இதே ஆய்வை உங்கள் அறிக்கையும் முதல் அத்தியாயத்தில் மேற்கோள் காட்டுகிறது. அதை முன்னால் வைத்துக்கொண்டு, புதுப்பிக்காதவர்களுக்கு அக்கறை இல்லை என்ற முடிவுக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சிலரிடம் படிக்கக் கொடுத்தார்கள். எழுதியவர் பக்கத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை, எழுதச் சொன்ன பக்கத்தை எழுதினார் என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனதளவில் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் எடைபோட்டார்கள். சூழலின் நெருக்கடி கண்ணெதிரே இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு ஆளின் குணத்தில் காரணம் தேடும் இந்தப் பழக்கத்தை லீ ராஸ் 1977இல் அடிப்படைக் காரணப் பிழை என்று அழைத்தார். உதவி பெறுகிறவர்களைப் பற்றிப் பொதுவெளியில் நிலவும் எண்ணங்களில் பாதிக்கு மேல் இந்தப் பிழையிலிருந்து பிறப்பவை என்பது என் கணிப்பு. வரிசையில் நிற்பவரைப் பார்த்து ‘உழைக்க மனமில்லாதவர்’ என்கிறார்கள், வரிசைக்கு வராதவரைப் பார்த்து ‘கொடுப்பதை வாங்கிக்கொள்ளக்கூட மனமில்லாதவர்’ என்கிறார்கள். அந்த எண்ணத்தைக் களைய வேண்டிய இடத்தில் இருக்கும் நீங்கள் அதையே கலைச்சொற்களில் எழுதி அரசிடம் கொடுத்திருக்கிறீர்கள். வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

என் மேசைக்கு வந்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் இறந்த பிறகு தன் பெயருக்கு மாற்றப்பட்ட உதவித்தொகையை அவர் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். பதிவாகியிருந்த எண் கணவருடையது, அந்த இணைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டுவிட்டது. எண்ணை மாற்றலாம் என்று போனால், மாற்றுவதற்கான ஓடிபியும் அதே பழைய எண்ணுக்குத்தான் போகும். அலுவலகத்துக்குப் போனார். இணையத்தில்தான் மாற்ற முடியும் என்று அனுப்பிவிட்டார்கள். உதவி எண்ணை அழைத்தார். அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். கடைசியில் என்னிடம் வந்தபோது ஒரு பிளாஸ்டிக் உறையில் இறப்புச் சான்றிதழின் நகல்கள் மட்டும் ஒரு கட்டு இருந்தன, எந்தக் கவுன்ட்டரில் எத்தனை கேட்பார்களோ என்று.

நீங்கள் அனுப்பிய நினைவூட்டல்கள் அத்தனையும் அந்தச் செத்துப்போன எண்ணுக்குத்தான் போயின. உங்கள் தரவில் அவர் நினைவூட்டியும் பதில் தராதவர். உங்கள் அறிக்கையின்படி அக்கறை குறைந்தவர்.

இன்னொருவர் எல்லாவற்றையும் சரியாகச் சமர்ப்பித்துவிட்டார். விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ என்று மாதக்கணக்கில் நின்றது. அந்த நிலையில் அவருக்கு உங்கள் செய்தி போனது: ‘உங்கள் பகுதியில் பெரும்பாலானோர் புதுப்பித்துவிட்டனர். நீங்கள்?’ செல்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டி, “நான் என்ன தப்பு பண்ணினேன்னு கேளுங்கம்மா” என்றார். என்னிடம் பதில் இல்லை. எழுதியவர் எங்கோ இருக்கிறார், பதில் அனுப்ப முடியாத எண்ணிலிருந்து செய்தி வருகிறது, படித்தவரின் அவமானத்தை என் மேசைதான் வாங்கிக்கொள்கிறது. தான் விண்ணப்பித்தது பதிவாகவில்லையோ என்று பயந்து அவர் இரண்டாவது முறையும் சமர்ப்பித்தார். இரட்டைப் பதிவு என்று இரண்டுமே நிராகரிக்கப்பட்டன.

மற்றவர்கள் செய்கிறார்கள் என்று சொல்வது எப்போது வேலை செய்யும் என்பதற்கு நல்ல ஆய்வு இருக்கிறது. லியனார்டோ பர்ஸ்டினும் அவருடன் இருவரும் சவூதி அரேபியாவில் நடத்தி 2020இல் வெளியிட்டது. பெண்கள் வெளியே வேலைக்குப் போவதை அங்கே மணமான இளைஞர்களில் பெரும்பான்மையினர் உள்ளூர ஆதரித்தார்கள், ஆனால் மற்ற ஆண்கள் ஆதரிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களின் உண்மையான கருத்தைச் சொன்னதும், மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவுசெய்ய முன்வந்தவர்கள் கூடினார்கள். அங்கே தடையாக இருந்ததே அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற தவறான கணிப்பு. தடை அதுவானபோது தகவல் அதை நீக்கியது. என் மேசைக்கு வந்தவர்களின் தடை ஓடிபி, சர்வர், இரட்டைப் பதிவு. பக்கத்து வீட்டுக்காரர் புதுப்பித்துவிட்டார் என்ற தகவல் இவற்றில் எதை நீக்கும்? எந்தப் பூட்டு என்று பார்க்காமலேயே நீங்கள் ஒரே சாவியை எல்லோர் கையிலும் கொடுக்கிறீர்கள்.

படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை நிரப்பிப் பார்த்தவர் உங்கள் குழுவில் யாராவது இருக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் குடும்ப வருமானத்தை ஆண்டுக் கணக்கில் கேட்கிறது. ஏழாம் பக்கத்தில் அதையே மாதக் கணக்கில் கேட்கிறது. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு மாதத்துக்கு மாதம் வரும்படி மாறும், அதனால் இரண்டு விடைகளும் பொருந்தாது. ‘முரண்பட்ட தகவல்’ என்று திரும்பி வரும், எந்தப் பக்கத்தில் முரண் என்று சொல்லாது. செல்பேசியில் எடுத்த சான்றிதழ்ப் படம் அனுமதித்த அளவைவிடப் பெரியதாக இருந்தால் ‘பதிவேற்றம் தோல்வி’ என்று மட்டும் வரும். அளவைக் குறைக்க வேண்டும் என்பது தெரிந்தவருக்குத்தான் தெரியும். வீட்டில் தேடி ஓர் ஆவணத்தை எடுத்து வருவதற்குள் தளம் தானாக வெளியேறிவிடும், அதுவரை நிரப்பியது எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து. நான்காவது பக்கத்தில் மனம் விட்டுப்போய் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைத் தள்ளிப்போடும் மனப்பாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பமேலா ஹெர்டும் டொனால்ட் மொய்னிஹனும் இதை நிர்வாகச் சுமை என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். திட்டம் இருப்பதையும் தனக்குத் தகுதி உண்டு என்பதையும் கண்டுபிடிக்க ஆகும் சிரமம், ஆவணம் திரட்டி அலைந்து படிவம் நிரப்பும் சிரமம், சந்தேகப் பார்வையையும் கூச்சத்தையும் தாங்கும் சிரமம் என்று அது மூன்று வகையாக விழுகிறது. தேலரே 2018இல், மக்களுக்கு நல்லதை எளிதாக்கும் மென்மையான உந்துதலைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, நல்லதைச் செய்யவிடாமல் காலைக் கட்டும் சேறு போன்ற நடைமுறைகளையும் ஒழிக்க வேண்டும் என்று எழுதினார். உங்கள் பிரிவு உந்துதலை மட்டும் எடுத்துக்கொண்டு சேற்றை அப்படியே விட்டுவிட்டது.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் தம் சக ஆய்வாளர்களோடு 2013இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேருக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள், அறுவடைப் பணம் வருவதற்கு முன் ஒருமுறை, வந்த பின் ஒருமுறை. அதே மனிதர்கள், கையில் பணம் இல்லாத நாட்களில் மட்டமாகச் செய்தார்கள், பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். பற்றாக்குறை மனதின் கவனத்தையே தின்றுவிடுகிறது என்பது அவர்கள் வந்தடைந்த விளக்கம். அளவு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு, போகட்டும். வாடகைக் கெடுவையும் மருத்துவச் செலவையும் தலையில் சுமந்துகொண்டு வருகிறவருக்கு ஏழாம் பக்கத்துக் கேள்வி எப்படி இருக்கும் என்பதை எனக்கு எந்த ஆய்வும் சொல்லித் தர வேண்டியதில்லை. உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவருக்குத்தான் அந்தப் படிவம் மிகக் கடினமாக இருக்கிறது.

உதவி மேசை வேலை செய்கிறதா, குறுஞ்செய்தி வேலை செய்கிறதா என்ற கேள்விக்கும் சான்று இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் உயர்கல்வி நிதியுதவிக்கான படிவம் நீளமானது, பலரை விரட்டக்கூடியது. எரிக் பெட்டிங்கரும் அவருடைய குழுவும் 2012இல் வெளியிட்ட சோதனையில், வரிக்கணக்குத் தாக்கலுக்காக ஓர் அலுவலகத்துக்கு வந்த குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அங்கிருந்த ஊழியரே, கையில் இருந்த வரித் தகவலை வைத்து நிதியுதவிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். இன்னொரு பிரிவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கக்கூடும் என்ற தகவலை மட்டும் தந்து, படிவத்தை நீங்களே நிரப்புங்கள் என்று ஊக்கப்படுத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு இந்த இரண்டு உதவிகளும் இல்லை. நிரப்பிக் கொடுக்கப்பட்ட குடும்பங்களில், பள்ளி இறுதியில் இருந்த பிள்ளைகளில் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்களின் பங்கு 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தது. தகவலும் ஊக்கமும் மட்டும் பெற்றவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

அதன் பிறகு அதே படிவத்துக்காகச் செய்திப் பிரசாரங்களை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கெல்லி பேர்டும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட முடிவு: கல்லூரிச் சேர்க்கையில் எந்த விளைவும் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றியது. செய்தி அனுப்பியது மாற்றவில்லை. இதில் முதலாவதை மூடிவிட்டு இரண்டாவதை விரிவாக்குகிறீர்கள்.

குறுஞ்செய்தியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. செலவு குறைவு, சிலருக்கு உதவும், மறந்துபோனவருக்கு நிச்சயம் உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்பதில் நேர்மை வேண்டும். ஸ்டெஃபானோ டெல்லாவின்யாவும் எலிசபெத் லினோஸும் அமெரிக்காவின் இரண்டு பெரிய நடத்தை அறிவியல் பிரிவுகள் நடத்திய 126 சோதனைகளை, 2.3 கோடிப் பேரின் தரவோடு, ஒன்று விடாமல் திரட்டிப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் தனியாக வந்த இத்தகைய சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அரசுப் பிரிவுகளின் சோதனைகளில் 1.4 சதவீதப் புள்ளி. வெற்றி பெற்றது அச்சேறும், தோற்றது அலமாரியில் தங்கும் என்பது இந்த இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம். உங்கள் அறிக்கையில் விரிவாக்கத்துக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் எதிர்பார்ப்பு எந்தப் பக்கத்து எண்ணிலிருந்து எடுக்கப்பட்டது? நீங்கள் இதுவரை நடத்திய முன்னோட்டங்களில் பலன் தராதவை எவை? ஒன்றையும் நீங்கள் வெளியிட்டதில்லை.

ஆதாரத்தைப் பொறுத்தவரை என்னை மிகவும் கலங்கவைத்தது வேறொன்று. சில ஆண்டுகளுக்கு முன் நீங்கள் படிவத்தை மாற்றியபோது, ‘நான் தரும் தகவல் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழியையும் கையெழுத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள். முதலிலேயே கையெழுத்திட்டால் மக்கள் நேர்மையாக நிரப்புவார்கள் என்ற 2012ஆம் ஆண்டு ஆய்வுதான் அதற்கு அடிப்படை என்று அப்போது விளக்கம் கொடுத்தீர்கள். அந்த விளைவைத் திரும்பக் காட்ட முடியவில்லை என்று அதே ஆய்வாளர்களே 2020இல் அறிவித்தார்கள். 2021இல் அதன் தரவின் ஒரு பகுதி இட்டுக்கட்டப்பட்டது என்று தெரியவந்து, ஆய்வே திரும்பப் பெறப்பட்டது. உறுதிமொழி இன்றைக்கும் உங்கள் முதல் பக்கத்தில் இருக்கிறது.

அதன் விலையை என் மேசையில் பார்க்கிறேன். இன்னும் ஒரு கேள்வியைக்கூடப் படிக்காதவரிடம், தவறான தகவல் தந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற வரியின் கீழ் கையெழுத்து கேட்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “தெரியாம ஏதாவது தப்பா எழுதிட்டா என்ன செய்வாங்க?” என்று கேட்கிறார்கள். சிலர் மகனையோ மகளையோ கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போவார்கள். அவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. நேர்மையைக் கூட்டுவதற்காக நீங்கள் வைத்தது நேர்மையான மனிதர்களைத்தான் முதலில் மிரட்டுகிறது.

எளிதான உந்துதல் கையில் இருந்தால் கடினமான சீர்திருத்தத்தின் மீது ஆர்வம் குறைந்துவிடும் என்பதற்கும் சான்று உண்டு. டேவிட் ஹாக்மனும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பசுமை மின்சாரத்துக்கான ஒரு சிறு உந்துதலையும் சேர்த்து முன்வைத்தபோது, கார்பன் வரிக்கான ஆதரவு குறைந்தது. வலிக்காத வழி ஒன்று இருக்கிறது என்ற எண்ணமே வலிக்கும் வழியைத் தள்ளிவைக்கச் செய்தது. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நிக் சேட்டரோடு சேர்ந்து 2022இல் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: தங்கள் துறை தனிமனிதர்களின் குறைகளைத் திருத்துவதிலேயே மூழ்கி, விதிகளையும் அமைப்புகளையும் திருத்தும் வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பிவிட்டது, அதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று. இந்தத் துறையின் முன்னணியில் இருப்பவர்களே இப்படிச் சொல்லும்போது, உங்கள் அறிக்கை அந்த விவாதம் நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

எதை வெற்றி என்று எண்ணுகிறீர்கள் என்பதும் என் முறையீட்டில் சேரும். உடல் உறுப்புக் கொடையில் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டைனும் 2003இல் காட்டிய கணக்கு புகழ்பெற்றது: மறுக்காதவர் எல்லோரும் கொடையாளர் என்ற விதி இருந்த ஆஸ்திரியாவில் ஒப்புதல் 99.98 சதவீதம், விரும்புகிறவர் தானாக வந்து பதிய வேண்டிய ஜெர்மனியில் 12 சதவீதம். ஆனால் காகிதத்தில் இருக்கும் ஒப்புதல் நோயாளிக்குச் சிறுநீரகமாகப் போய்ச் சேர்வதில்லை. உறுப்புக் கொடையில் உலகின் முன்வரிசையில் இருக்கும் ஸ்பெயினில் அப்படிப்பட்ட சட்டம் 1979லேயே வந்துவிட்டது, உயர்வு வந்தது 1989இல் தேசிய அமைப்பு உருவாகி மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் அமர்த்தப்பட்ட பிறகுதான். சட்டத்தால் வந்த வெற்றி இல்லை என்று அந்த அமைப்பை உருவாக்கிய ரஃபாயெல் மாதெஸான்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. உங்கள் அறிக்கையோ எத்தனை பேர் செய்தியைத் திறந்தார்கள், எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள் என்று எண்ணுகிறது. எத்தனை பேர் கணக்கில் பணம் விழுந்தது என்று எண்ணவில்லை.

இனி நான் கேட்பவை.

மேசைகளை மூடும் முடிவை நிறுத்திவைத்து, அதை முறையாகச் சோதியுங்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்குக் குறுஞ்செய்தி மட்டும், ஒரு சாராருக்குக் குறுஞ்செய்தியோடு மேசை உதவி, ஒரு சாராருக்குச் சுருக்கப்பட்ட படிவம் என்று கொடுங்கள். பணம் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே அளவுகோலாக இருக்கட்டும். எதை அளக்கப்போகிறீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள், முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுங்கள். மேசை உதவியால் பயனில்லை என்று அந்தச் சோதனை நேர்மையாகக் காட்டினால் நானே நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன். இதுவரை நீங்கள் நடத்திய எல்லா முன்னோட்டங்களின் முடிவுகளையும், தோற்றவற்றையும் சேர்த்து, அதோடு வெளியிடுங்கள். பிரிட்டனில் 2020 மார்ச்சில், கட்டுப்பாடுகளை மக்கள் சீக்கிரம் சலித்து மீறிவிடுவார்கள் என்ற வாதம் அரசுத் தரப்பில் எழுந்தபோது, அதற்கான ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று 600க்கும் மேற்பட்ட நடத்தை அறிவியலாளர்கள் திறந்த மடல் எழுதினார்கள். இந்தத் துறையைச் சேர்ந்தவர்களே அரசிடம் கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன்.

அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலை மறுபடி கேட்பதை நிறுத்துங்கள். வருமானமும் குடும்ப விவரமும் பதிவேட்டில் மாறாமல் இருந்தால் உதவித்தொகை தானாகப் புதுப்பிக்கப்படட்டும், மாற்றம் உள்ளவர் மட்டும் படிவம் நிரப்பட்டும். உங்கள் முதல் அத்தியாயத்தில் நீங்கள் பாராட்டிய சேமிப்புத் திட்டம் செய்தது இதைத்தான்.

உறுதிமொழியை முதல் பக்கத்திலிருந்து இந்த வாரமே எடுங்கள். அதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம், ஆதாரமாகச் சொன்ன ஆய்வே இப்போது இல்லை. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பவர்களுக்கு ‘நீங்கள்?’ என்று கேட்கும் செய்தி போவதையும் உடனே தடுத்து நிறுத்துங்கள். பதிவான எண் பயன்பாட்டில் இல்லாதவர்கள் நேரில் வந்து எண்ணை மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். நினைவூட்டல் போய்ச் சேராதவர்களை ‘பதில் தராதவர்கள்’ பட்டியலிலிருந்து பிரித்து, எண்ணிக்கையை மறுபடி கணக்கிடுங்கள்.

குழுவில் உள்ள ஒவ்வொருவரும், சாதாரணச் செல்பேசி ஒன்றில், ஓர் உண்மையான விண்ணப்பதாரரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படிவத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எங்கள் மேசைக்கே வரலாம், எந்த நாளும் வரலாம். நிரப்ப ஆன நேரத்தையும் எத்தனை முறை வெளியேற்றப்பட்டீர்கள் என்பதையும் அடுத்த அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

‘அக்கறைக் குறைவு’ என்ற சொற்களை இப்போதைய அறிக்கையிலிருந்து நீக்கித் திருத்திய பதிப்பை வெளியிடுங்கள். அந்தச் சொற்களை மேற்கோள் காட்டித்தான் இனி ஒவ்வொரு துறையும் நிதியைக் குறைக்கும். இறந்த கணவரின் எண்ணுக்குப் போன செய்திக்குப் பதில் தரவில்லை என்பதற்காக ஒரு பெண் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்பதை எழுத்தில், பெயரும் பதவியும் போட்டு, மேசைகளை மூட நீங்கள் குறித்திருக்கும் நாளுக்கு முன்பாகவே பொதுவில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உதவி மேசைப் பணியாளர் ஒருவர்